டேஷ்போர்டு சத்தம்

சேரியில் பேசினால் ஊர்க்காரர் காதுக்குப் போய்விடும் என்று, அந்த அக்கா எங்கள் ஜீப்பில் ஏறித்தான் நடந்ததைச் சொன்னார். செல்போனை டேஷ்போர்டு மேல் வைத்துப் பதிவு செய்தோம். பிறகு கேட்டால் ஒரே கடகட சத்தம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டிய வழக்குக்கு என்ன வார்த்தை, எந்த இடம் என்பதே உயிர். அதுதான் கேட்கவில்லை.

மறுநாள் ஒருவர் ஓட்ட, ஒருவர் டேஷ்போர்டை ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தோம். குளோவ் பாக்ஸ் மூடியை அழுத்தியதும் சத்தம் நின்றது. கீல் ஸ்க்ரூவை முறுக்கி, மூடி உரசும் விளிம்பில் துணிப்பட்டை ஒட்டினோம். பத்து நிமிட வேலை.

அதைத் தள்ளிப்போட்டதால் அந்த அக்கா மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டியதாயிற்று. தோழர்களே, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.