சேஷாத்ரியும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்

2020 ஜூலை 17 அன்று சென்னையில் கணித அறிஞர் சி.எஸ்.சேஷாத்ரி காலமானார். வயது 88. ஊரடங்குக் காலம். எங்கள் அம்பத்தூர் வழியாக ஓடும் அரக்கோணம் மின்ரயில் மார்ச் மாதமே நின்றுபோயிருந்தது. துக்கம் கேட்கப் போவதுகூட எவருக்கும் வாய்க்காத நாட்கள். அந்தப் பெயரை அறிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு ஒரே பள்ளியில் கணக்கு நடத்தியவர். ஓய்வுபெற்று ஆவடியில் இருப்பவர். அவர்தான் போன் செய்தார். "டீச்சர், சேஷாத்ரி போயிட்டாராம்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம், நரசிம்மன் எப்படித் தாங்குவாரோ" என்றார்.

எங்கள் இருவருக்கும் அந்த இரண்டு பேரோடும் பழக்கம் கிடையாது. ஆனாலும் எம்.எஸ்சி. வரை கணிதம் படித்த எவருக்கும் ஒருவர் இறந்த சேதியைக் கேட்டதும் மற்றவர் நினைவுக்கு வந்துவிடுவார். நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்றே படித்துப் பழகிவிட்டோம். கணித உலகில் ஒரு தேற்றத்தோடு இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொள்வது புதிதில்லை. பல சமயம் அந்த இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்திருப்பார்கள். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்திருப்பார். இங்கே அப்படியில்லை. கூடவே படித்து, கூடவே வேலை பார்த்து, கூடவே உட்கார்ந்து யோசித்த இரண்டு நண்பர்களின் பெயர் அது.

சேஷாத்ரி 1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தார். வளர்ந்தது செங்கல்பட்டில். எம்.எஸ்.நரசிம்மன் அதே ஆண்டு ஜூன் 7 அன்று, வடதமிழகத்தில் தண்டரை என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இருவரும் வந்து சேர்ந்த இடம் நுங்கம்பாக்கத்தின் லயோலா கல்லூரி. அங்கே பாதிரியார் ரசீன் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர், பாரிஸில் எலி கார்தானிடம் பயின்று, இயேசு சபைத் துறவியாக இந்தியாவுக்கு வந்தவர். தேர்வுக்கான பழைய பாடங்களோடு நிறுத்தாமல், அன்றைய பிரான்சில் கணிதம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டுமா, பம்பாய்க்குப் போ என்று டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பறையில் இருந்தால் எவ்வளவு தூரத்துக்கு அதன் பலன் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி இந்த ரசீன்தான். அவரிடமிருந்து போனவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சுதந்திர இந்தியாவின் கணித வரலாற்றில் பாதி வந்துவிடும் என்று என் ஆவடி நண்பர் சொல்வார். கொஞ்சம் அன்பு மிகுந்த கணக்குதான், ஆனால் பெரிய தவறில்லை.

1953-ல் இருவரும் பம்பாய் போனார்கள். கே.சந்திரசேகரன் அங்கே கணிதப் பிரிவை உருவாக்கிக்கொண்டிருந்தார். சேஷாத்ரி 1957 முதல் 1960 வரை பாரிஸில் இருந்தார். அவர் திரும்பிய சமயம் நரசிம்மன் அங்கே போனார். பிறகு மறுபடி பம்பாயில் சேர்ந்தார்கள். 1965-ல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' ஆய்விதழில் இருவரின் கட்டுரை வந்தது. மொத்தம் 28 பக்கம்.

அந்த 28 பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் சேஷாத்ரியை நினைவுகூர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடகர் இறந்தால் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். கணித அறிஞர் இறந்தால் மட்டும் விருதுகளை வரிசையாகச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். என்னால் முடிந்த அளவு சொல்கிறேன்.

நீளமான காகிதப் பட்டை ஒன்றை எடுத்து இரண்டு முனைகளையும் ஒட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் ஒரு முனையை ஒரு தடவை திருப்பிவிட்டு ஒட்டினால் வேறொரு வளையம் கிடைக்கும். அதற்கு மோபியஸ் பட்டை என்று பெயர். இரண்டிலும் நடுவில் ஓடுவது ஒரே வட்டம்தான். அந்த வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு குறுக்குக்கோடு நிற்கிறது. வட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், முதல் வளையத்தில் கோட்டின் மேல்முனை மேலேயே இருக்கிறது. இரண்டாவதில் அது கீழே போய்விடுகிறது. இப்படி ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெளி நிற்கும் அமைப்பைக் கற்றை என்கிறார்கள். இப்போது வட்டத்துக்குப் பதிலாகப் பல துளைகள் உள்ள மூடிய பரப்பையும், கோட்டுக்குப் பதிலாகப் பல பரிமாணமுள்ள வெளியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கற்றைகளை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பரப்பின் துளைகளைச் சுற்றி வரும் ஒவ்வொரு பாதையிலும் போய்த் திரும்பும்போது அந்த வெளி எப்படிச் சுழன்றிருக்கிறது, நீளம் எதுவும் மாறாமல் வெறும் சுழற்சி மட்டும் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு விதம். இயற்கணித வடிவியல்காரர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள்: பெரிய கற்றைக்குள் அடங்கிய எந்தச் சிறு கற்றையாவது தன் பங்குக்கு மேல் கனத்துவிடுகிறதா? அப்படி எதுவும் கனக்காவிட்டால் அது நிலைத்த கற்றை. டேவிட் மம்ஃபோர்ட் 1960களின் தொடக்கத்தில் வகுத்த கருத்து அது. ஒன்று சுற்றுவதைப் பற்றிய கேள்வி, மற்றது எடையைப் பற்றிய கேள்வி. பார்வைக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. நுணுக்கமான ஒரு நிபந்தனையை இங்கே விட்டுவிட்டுச் சொல்கிறேன்: பிரிக்க முடியாத சுழற்சிகளிலிருந்து எழும் கற்றைகளும் நிலைத்த கற்றைகளும் ஒன்றேதான் என்று அவர்கள் நிறுவினார்கள்.

ஆந்த்ரே வெய்ல் 1938-லேயே இந்தத் திசையைக் காட்டியிருந்தார். வழியைப் போட்டவர்கள் இந்த இருவர். 1983-ல் சைமன் டொனால்ட்சன் முற்றிலும் வேறு முறையில் இதை மறுபடி நிறுவினார். அதே காலத்தில் அட்டியா, பாட் என்ற இரு கணித அறிஞர்கள் இதை இயற்பியலின் யாங்–மில்ஸ் சமன்பாடுகளோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து இயற்பியலாளர்களும் இந்தப் பெயரை உச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1965 என்ற ஆண்டு எனக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது அந்த ஆண்டின் கடைசியில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறைகள் முளைக்கத் தொடங்கிய காலமும் அதுவே. எங்கள் ஊர்களை இரும்பும் கிரீஸும் எழுப்பிக்கொண்டிருந்தபோது, செங்கல்பட்டிலும் தண்டரையிலும் வளர்ந்த இரண்டு பேர் பம்பாயில் உட்கார்ந்து, கையால் தொடமுடியாத ஒன்றைக் கட்டினார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். லேத் ஓட்டுகிறவரின் பிள்ளைக்கு நூலிழை அளவு பிசகக்கூடாது என்றால் என்ன என்று வீட்டிலேயே தெரியும். நிறுவல் என்பது அந்தத் துல்லியத்தின் உறவுதான் என்று சொன்னால் அந்தப் பிள்ளை உடனே புரிந்துகொள்ளும்.

நரசிம்மன் சேஷாத்ரியை இழந்ததுபோல, சேஷாத்ரியும் முன்பே ஒரு சக ஊழியரைப் பறிகொடுத்தவர். சி.பி.ராமானுஜம் என்று ஒருவர் இருந்தார். அவரும் லயோலாவில் ரசீனிடம் படித்து, பம்பாய் போனவர். இவர்களைவிட ஆறு வயது இளையவர். கொடைரா–ராமானுஜம் தேற்றத்தில் பெயர் நிற்கிறது. மனநோயோடு போராடி 1974-ல், 36 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நான்கு ஆண்டு கழித்து அவர் நினைவாக ஒரு தொகுதி வந்தது. மம்ஃபோர்ட் அதில் ராமானுஜத்தின் ஆய்வுகளைப் பற்றி எழுதினார். தொகுதியின் பெரும்பகுதி மற்றவர்கள் எழுதிய புதிய ஆய்வுகள். போனவர் பெயரில் ஒரு புதிய நிறுவலைக் கொண்டுவந்து வைக்கும் இந்த வழக்கத்தில் இருக்கும் மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கூட வேலை பார்த்தவர் போன பிறகு அவர் வேலையைத் தொடர்வதைவிட வேறு என்ன செய்துவிட முடியும்?

பம்பாயில் சேஷாத்ரிக்கு எல்லாமே அமைந்திருந்தது. பேராசிரியர் பதவி, உலகப் பெயர், நல்ல மாணவர்கள், லட்சுமிபாயும் முசிலியும் கூடச் சேர்ந்த இன்னொரு பெரிய ஆய்வுத்திட்டம். அதையெல்லாம் விட்டு 1984-ல் சென்னைக்கு, தரமணி கணித அறிவியல் கழகத்துக்கு வந்தார். 1989-ல், 57 வயதில், அதையும் விட்டார். ஸ்பிக் உர நிறுவனத்தின் அறக்கட்டளை ஆதரவில் தியாகராய நகர் ஜி.என்.செட்டி சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சென்னை கணிதவியல் கழகம். சிறுசேரிக்கு அது இடம் மாறியது 2005-ல்.

என்னைப் பொறுத்தவரை அவர் செய்தவற்றில் மிகத் துணிச்சலானது 1998-ல் அங்கே இளங்கலைப் படிப்பைத் தொடங்கியதுதான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆராய்ச்சி மட்டும் செய்வார்கள், கல்லூரிகள் பாடம் மட்டும் நடத்தும் என்று இந்த நாட்டில் ஒரு சுவர் எழுப்பி வைத்திருந்தோம். பள்ளியை முடித்து வரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும், தேற்றங்களை உருவாக்குகிறவர்தான் பாடம் நடத்த வேண்டும் என்று அவர் நினைத்தார். லயோலாவில் ரசீன் தனக்குச் செய்ததை ஒரு நிறுவனமாக நிறுத்தி வைக்கப் பார்த்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அப்போது அந்த நிறுவனத்துக்குக் கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி 2006-ல்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பெற்றோர் ஒருவரிடம், "உங்க பையன் தி.நகர்ல படிப்பான், டிகிரி போபால்லேருந்து வரும்" என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இன்ஜினியரிங்கில்தான் சேர்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையன் நன்றாகவே இருக்கிறான்.

அம்பத்தூருக்கு சேஷாத்ரி வந்து சேர்ந்தது அந்த நிறுவனத்தின் நுழைவுத்தேர்வு வினாத்தாள் வழியாகத்தான். பின்னால் எங்கள் மாணவன் இன்னொருவன் அந்தத் தேர்வை எழுதினான். தேறவில்லை. ஆனால் என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்து எழுதிக் கொடுத்தான். பழைய வினாத்தாள்களும் கிடைத்தன. எங்கள் ஆசிரியர் அறையில் அவை மேஜையைவிட்டு இறங்கவே இல்லை. பெரிய சூத்திரம் எதுவும் தேவைப்படாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கே போதும். ஆனால் பல கணக்குகளுக்கு விடையை மட்டும் எழுதினால் ஆகாது. ஏன் என்று எழுத வேண்டும். ஒரு கணக்கை மூன்று நாள் யோசித்துவிட்டு ஆவடி சார் காலையில் பிரேயர் மணி அடிக்கும்போது ஓடிவந்து, "கிடைச்சிருச்சு டீச்சர்" என்பார். அதில் ஓர் ஓட்டை இருப்பதை மதியச் சாப்பாட்டு வேளையில் நான் கண்டுபிடிப்பேன். சாயங்காலம் இருவரும் அதை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். நாற்பது வயதுக்கு மேல் எங்களுக்குக் கணிதம் மறுபடி உயிரோடு கிடைத்தது அப்படித்தான். கூட வேலை பார்க்கிறவர் என்றால் என்ன என்பதை நான் அறிந்ததும் அந்த மேஜையில்தான். அதனால்தான் அன்றைக்கு அவர் நரசிம்மனை நினைத்ததில் எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை.

இருவர் வாழ்விலும் சங்கீதம் இருந்தது. சேஷாத்ரி கர்நாடக இசையை முறையாகக் கற்றுப் பாடியவர். நரசிம்மனின் மனைவி சகுந்தலா நரசிம்மன் கர்நாடகம், இந்துஸ்தானி இரண்டிலும் தேர்ந்தவர். நுகர்வோர் உரிமைகளைப் பற்றி ஓயாமல் எழுதியவர். நரசிம்மன் 1992-ல் இத்தாலியின் த்ரியெஸ்தே நகருக்குப் போய், வளரும் நாடுகளின் கணித இளைஞர்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார். நண்பர் தியாகராய நகரில் செய்துகொண்டிருந்ததற்கு அது வெகு அருகில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு பெங்களூருவில் குடியேறினார். சேஷாத்ரி போன பத்தாவது மாதத்தில், 2021 மே 15 அன்று அவரும் காலமானார். அந்தச் சேதியை ஆவடி சாருக்குப் போன் செய்து சொன்னது நான். இரண்டாம் அலையின் உச்சத்தில், தெருவுக்கு ஒரு சாவு விழுந்துகொண்டிருந்த வாரம் அது. இருவருமே அதிகம் பேசவில்லை.

மறுபடி ரயில் ஓடத் தொடங்கி, பள்ளிகளும் திறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் ஒரு வகுப்பு ஆரம்பித்தோம். கட்டணம் கிடையாது. ஆவடி சார் அண்ணனூரைத் தாண்டி ரயிலில் வருவார். கொரட்டூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயில் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். நுழைவுத்தேர்வு எழுதுகிறவர்களும் உண்டு, சும்மா வருகிறவர்களும் உண்டு. சென்ற வாரம் காகிதப் பட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். திருமுல்லைவாயில் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, தானே ஒரு பட்டையை எடுத்து இரண்டு முறை திருப்பி ஒட்டினாள். விரலால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், ஒரு தடவை திருப்பினா மேல் கீழாயிடுது, தெரியுது. ரெண்டு தடவை திருப்பினா மறுபடி மேலேயே வந்துருது. அப்போ இது திருப்பாத வளையமேதானா, இல்லையா?"

ஆவடி சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நடுக்கோட்டில் வெட்டிப் பார்த்துவிட்டு நீயே சொல் என்றோம். அவசரமாகக் கிழித்ததில் பட்டை நடுவே அறுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு நல்ல கத்தரிக்கோலும் நிறையக் காகிதமும் கொண்டு வருகிறாளாம்.