நகத்தைப் பழிக்கும் முன்

கைவிரல் நகம் தடித்து, நிறம் மங்கி, குறுக்கே அலையலையாகப் பள்ளம் விழுந்தால் நம் வாயில் முதலில் வருவது ‘நகச்சொத்தை’ என்ற சொல். சொத்தை என்றால் ஏதோ ஒன்று உள்ளே புகுந்து அரித்துவிட்டது என்று பொருள். பல்லுக்குப் புழு, நகத்துக்குப் பூஞ்சை. விரலோரம் வீங்கினால் ‘நகச்சுற்று’ என்போம். எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகு என்று கைவைத்தியமும் உடனே வரும். கரப்பான் (எக்ஸிமா) என்ற சொல் மட்டும் நகத்தின் பக்கமே வருவதில்லை. அது குழந்தையின் கன்னத்துக்கும் முழங்கை மடிப்புக்கும் உரியது என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். மொன்றியல் தமிழரின் கைகளை முன்னால் வைத்துக்கொண்டு, இந்த நகக்கேடு எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கித் தேடியபோது நான் வந்து சேர்ந்த இடம் நகத்துக்கு வெளியே இருந்தது. நகத்தைச் சுற்றிய தோலில் இருந்தது. அந்தத் தோல் நாள் முழுக்க நனைந்து கிடந்த வேலையில் இருந்தது.

நாம் வெட்டுவதும் சாயம் பூசுவதும் நகத்தகடு. அது உயிரற்ற கெரட்டின். அதை உண்டாக்கும் நகவேர், விரலின் தோல் மடிப்புக்கு அடியில் மறைந்திருக்கிறது. மடிப்பின் விளிம்பிலுள்ள மெல்லிய ஓரத்தோல், தகட்டோடு ஒட்டிக்கொண்டு நீர் உள்ளே போகாமல் அடைக்கிறது. சோப்பும் நீரும் மாறி மாறிப் பட்டு அந்த ஓரத்தோல் கரைந்துபோனால், மடிப்புக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு வாய் திறக்கும். அதன் வழியே சலவைப்பொருளும் மீன்சாறும் உள்ளே இறங்க, மடிப்பு சிவந்து வீங்கும். அழற்சி வேரைத் தொடும். வேர் சில நாள் தடுமாறினால் அந்த நாட்களில் உருவான தகட்டில் குறுக்குப் பள்ளம் விழும். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846இல் விவரித்ததால் இவற்றுக்குப் போ கோடுகள் என்று பெயர். கடும் காய்ச்சலில் விழும் கோடு எல்லா விரல்களிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரியும். கரப்பானில் அப்படியில்லை: எந்த விரலின் மடிப்பு வீங்கியதோ அந்த நகத்தில் மட்டும், ஒழுங்கில்லாமல், பல கோடுகள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மடிப்பிலிருந்து எடுத்த மாதிரியை ஆய்வுகூடத்தில் வளர்த்தால் பலருக்குக் கண்டிடா என்ற பூஞ்சை முளைக்கிறதே, அது பொய்யா? முளைப்பது உண்மைதான். ஆனால் ஈரமான பிளவில் பூஞ்சை குடியேறுவது ஒன்று, அந்தப் பிளவை உண்டாக்கியது எது என்பது இன்னொன்று. அந்தொனெல்லா தொஸ்தியும் அவருடைய இத்தாலியச் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. நாள்பட்ட நகச்சுற்று உள்ள 45 பேரில் சிலருக்குப் பூஞ்சை மாத்திரையும் சிலருக்கு ஸ்டீரொயிட் களிம்பும் கொடுத்துப் பார்த்தார்கள். களிம்பு பூசியவர்களின் நகங்களே கூடுதலாகத் தேறின. கண்டிடா இருந்ததும் ஒழிந்ததும் நோயின் போக்கோடு பொருந்தவில்லை. நாள்பட்ட நகச்சுற்றை மடிப்பில் வரும் கரப்பானாகப் பார்க்கும் போக்கு இதனால் உறுதிப்பட்டது. இதைக் கேட்டுவிட்டுப் பூஞ்சையே கிடையாது என்று மறுகோடிக்குப் போவதும் தவறு. உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பூஞ்சையே காரணம், அதிலும் கால்நகங்களில் மிகுதி. சீழ் கட்டி விண்விண்ணென்று தெறிக்கும் நகச்சுற்று பாக்டீரியாவின் வேலை. அதற்குச் சிகிச்சையும் வேறு. நான் கேட்பதெல்லாம், வாரக்கணக்கில் மாத்திரை விழுங்கும் முன் நகத்தைச் சுரண்டிச் சோதியுங்கள் என்பதே.

இனி, மொன்றியல். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். அந்தப் பத்தாண்டில் வந்த ஈழத்தமிழர் பலருக்குப் பிரெஞ்சும் இல்லை, காட்டிய ஊர்ச் சான்றிதழும் உதவவில்லை; கிடைத்தது ரெஸ்ரோரண்டின் பின்கதவு. ‘கோப்பை கழுவுதல்’ என்ற தொடர் புலம்பெயர் தமிழில் ஒரு காலத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. தொழில் மருத்துவத்தில் இதற்கு ‘ஈரவேலை’ என்று பெயர். ஜெர்மானிய விதிமுறை நாளுக்கு 2 மணிநேரத்துக்கு மேல் கை நனைந்திருந்தாலே அப்படிக் கணக்கிடுகிறது. கோப்பை கழுவுபவரின் ஒரு முறைவேலை அதைப் பல மடங்கு தாண்டும். அதற்கு மேல் இந்த ஊரின் குளிர். −10 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 2 கிராம் நீராவியையே தாங்கும். அதையே 22 பாகைக்குச் சூடாக்கினால் 19 கிராம் வரை தாங்கும். சூடாக்கிய அறைக்குள் அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்யக் காற்று தோலிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். எட்டு மணிநேரம் ஊறிய விரல், வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும்.

சமையற்காரரின் கையில் இன்னொரு தடயம் உண்டு. பூண்டு உரித்து நறுக்குபவர்களுக்கு, கத்தி பிடிக்காத கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தடித்து வெடிக்கும். நகநுனிக்கு அடியிலும் தோல் அடுக்கடுக்காகச் சேரும். பூண்டிலுள்ள டைஅல்லைல் டைசல்பைட் மெல்லிய கையுறையையும் கடந்துவிடுகிறது. மூன்று விரலில் மட்டும் நோய் இருப்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே, அந்தக் கை எதைப் பற்றியிருந்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

சொல் எதுவானால் என்ன, களிம்பு கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, கியூபெக்கில் சொல்லோடு உரிமையும் சேர்ந்து வருகிறது. 1985இல் இயற்றிய தொழில் விபத்து, தொழில்நோய்ச் சட்டத்தின் பட்டியலிலேயே சோப்பும் சலவைப்பொருளும் உண்டாக்கும் தோலழற்சி இடம்பெற்றது. பட்டியலிலுள்ள நோயும் அதற்குரிய வேலையும் ஒருவருக்கு இருந்தால், நோய் அந்த வேலையால் வந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். மருத்துவக் குறிப்பில் ‘நகப்பூஞ்சை’ என்று எழுதினால் அது அவருடைய சொந்த நோய், அவருடைய துப்புரவுக் குறை. ‘ஈரவேலையால் வந்த கைக்கரப்பான்’ என்று எழுதினால் முதலாளியின் பொறுப்பும் பேச்சுக்கு வருகிறது. தவறான பெயரால் ஒரு தொழிலாளி தன் நகத்தைக் குறித்தே வெட்கப்பட்டுக் கையை மறைப்பதை என்னால் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த தலைமுறை கோப்பை கழுவவில்லை. ஆனால் ஜெல் நகம் பூசுகிறது. செயற்கை நகத்து அக்ரிலிக்கால் வரும் ஒவ்வாமை 1950களிலேயே பதிவாகிவிட்டது. மக்கில் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் டெனிஸ் சாஸ்வில் 2012இல் அக்ரிலேட் ஒவ்வாமை பற்றி விரிவான மீளாய்வு எழுதினார். அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் அவ்வாண்டின் ஒவ்வாப்பொருளாகத் தேர்ந்ததும் அக்ரிலேட்டையே. முழுமையாக இறுகாத ஜெல் தோல் மடிப்பில் பட்டால் ஒவ்வாமை பிறக்கும். ஒருமுறை பிறந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும், பின்னாளில் பல் அடைப்பிலும் எலும்புச் சிமெந்திலும் குறுக்கிடும். முதுகில் ஒட்டி 48 மணிநேரம் வைக்கும் ஒட்டுச் சோதனை இதைக் கண்டுபிடிக்கும். ஜெல்லை இறுக்கும் விளக்கை வாங்கி வீட்டில் தாமே பூசிக்கொள்ளும் பெண்பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

சிகிச்சையும் தோற்றத்தைப் பின்தொடர்ந்தே போக வேண்டும். எலுமிச்சைச் சாறு புளிப்பமிலம். வெடித்த மடிப்பில் அது எரிச்சலை ஏற்றும். மருத்துவர் தரும் ஸ்டீரொயிட் களிம்பை நகத்தின்மேல் பூசிப் பயனில்லை, மடிப்பில் தேய்க்க வேண்டும். ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்யுமே என்ற அச்சம் நியாயமானது. இந்தியக் கடைகளில் சீட்டில்லாமல் விற்ற கலப்புக் களிம்புகள் செய்த கேடு கொஞ்சமல்ல. அதற்காகச் சில வாரம், அளவோடு, மேற்பார்வையில் பூசுவதையும் விலக்கிவிடக் கூடாது; நீளும்போது டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாறலாம். கையுறை போட்டால் தீர்ந்ததா என்றால், வியர்த்த கையுறைக்குள்ளும் கை நனைந்தே இருக்கிறது. உள்ளே பருத்தி உறை, நனைந்ததும் மாற்றுவது, ஓரத்தோலைத் தள்ளாமலும் வெட்டாமலும் விடுவது, ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் வாசலின் போன்ற பூச்சு. இவையெல்லாம் வேலையிடத்தில் நேரம் கொடுத்தால்தான் நடக்கும்.

பொறுமையும் வேண்டும். கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவே வளர்கிறது. முழுதும் புதிதாக ஆறு மாதம் ஆகும். களிம்பு பூசி மூன்று வாரத்தில் நகம் மாறவில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான். மடிப்பு தணிந்ததா, ஓரத்தோல் மீண்டும் ஒட்டியதா என்று பார்க்க வேண்டிய நாட்கள் அவை. மொன்றியலில் பனி கரையும் ஏப்ரலில் நாம் வெட்டி எறியும் நகநுனி, முதற்பனி விழும் காலத்தில் வேரில் உருவானது. அதில் பள்ளம் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஒக்டோபரிலும் நவம்பரிலும் இந்தக் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது.