விக்கலின் காரணம்

பல்வலியோடு இரவெல்லாம் புரண்டவர், காலையில் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்ததும் வலி போன இடம் தெரியாமல் விழிப்பதுண்டு. எந்தப் பல் என்று கேட்டால் அவரால் சுட்டிக்காட்டவும் முடியாது. ஒரேயடியாகப் படுக்க வைக்கும் நோயைவிட, வந்து வந்து போகும் நோய்தான் வைத்தியரை அதிகம் குழப்பும். இயந்திரங்களுக்கும் இது பொருந்தும் என்பதை 2024ஆம் ஆண்டில் எங்கள் வீட்டு டீசல் கார் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அது 1983இல் பதிவான ஜெர்மானியக் கார். நான்கு சிலிண்டர் கொண்டது. முதலில் ஈப்போவில் டாக்சியாக ஓடி, சில கைகள் மாறி, கடைசியில் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. பாட்டிக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு, வாரத்தில் மூன்று நாள் அவரை ஈப்போவில் உள்ள இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு அழைத்துச் செல்வது அந்தக் கார்தான். போக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், வர முப்பது. நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருந்து களைத்துத் திரும்பும் ஒருவரை நடுவழியில் வெயிலில் நிறுத்திவைக்க முடியுமா? ஆகவே, அந்த ஆண்டு ஜூலையில் கார் விக்க ஆரம்பித்தபோது வீடே கலங்கியது.

'விக்கல்' என்பது அப்பாவின் சொல். சீராக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் திடீரென்று ஓர் அடியைத் தவறவிடும். கார் ஒருமுறை குலுங்கும். பின்னால் கொஞ்சம் வெண்புகை கிளம்பும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சில நாள் பத்து முறை விக்கும். சில நாள் ஒருமுறைகூட விக்காது. பட்டறைகளில் இதை மிஸ்ஃபயர் என்பார்கள். இடைநிலைப்பள்ளியில் இயந்திர உறுப்புகளின் பெயர்களை மலாயில் மனப்பாடம் செய்தவள் நான். என்றாலும், அந்தக் குலுக்கலுக்கு அப்பா வைத்த பெயர்தான் எனக்குச் சரியாகப் பட்டது.

அப்பா காரை இரண்டு பட்டறைகளுக்குக் கொண்டுபோனார். இரண்டிலும் அது சாதுவாக நின்றது, ஒருமுறைகூட விக்கவில்லை. ஒருவர் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொன்னார். இன்னொருவர் டீசல் பம்பையே பிரித்துச் செப்பனிட வேண்டும், 3,800 ரிங்கிட் ஆகும் என்றார். பழைய இரும்பு வாங்குபவர் 1,500 ரிங்கிட்டுக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா அந்த இரண்டு தொகைகளையும் நாள்காட்டியின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்திருந்தார்.

அப்போது எனக்குப் பல்கலைக்கழக விடுமுறை. தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மாமாவை வீட்டுக்கு அழைத்தோம். அவர் காரின் முன்மூடியைத் திறக்கவே இல்லை. என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துவரச் சொன்னார்.

"எப்ப விக்குது, எங்க விக்குது, எல்லாத்தையும் எழுது பாப்பா. அது வராதப்ப தேடுனா கெடைக்காது. வர்றப்ப புடிக்கணும்."

விக்கலைப் பிடிக்க வேண்டுமானால் டீசல் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசலில் அந்தப் பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. அந்த நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். எனவே, ஒரு டீசல் அடி தவறினால் சந்தேகத்துக்குரியவை சில மட்டுமே. காற்று சரியாக நசுங்காமல் இருக்கலாம். டீசல் தவறான நேரத்தில் வரலாம். அல்லது டீசல் வராமலே போகலாம். எங்கள் கார் காலையில் ஒரே சுற்றில் உயிர்பெறும். விக்காத நேரத்தில் அதன் இழுவையில் குறையே இல்லை. ஆகவே, முதல் இரண்டையும் மாமா ஓரமாக வைத்துவிட்டார். அதிகம் செலவாகாத, எப்படியும் மாற்றவேண்டிய நாளைத் தாண்டிவிட்ட டீசல் பில்டர்களை மட்டும் மாற்றினார். விக்கல் நிற்கவில்லை.

மூன்று வாரம் எழுதினேன். ஒன்பது பயணங்கள். தேதி, மழையா வெயிலா, காரில் எத்தனை பேர், டீசல் முள் எங்கே நிற்கிறது, விக்கிய இடம், எத்தனை முறை என்று கோடு போட்டு நிரப்பினேன். பின்னிருக்கையில் சாய்ந்திருந்த பாட்டி எனக்குத் துணைக் கணக்கர். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இப்ப ஒண்ணு" என்று அவர் குரல் வரும். சில சமயம் எனக்குத் தெரியாத சிறிய விக்கலும் அவருக்குத் தெரிந்தது.

அப்பா மழையைச் சந்தேகித்தார். ஆனால், மழை பெய்த மூன்று நாளில் ஒரு நாள்தான் கார் விக்கியது. ஆட்களின் பாரத்தைச் சந்தேகித்தோம், அதுவும் பொருந்தவில்லை. ஒன்பது பயணங்களில் ஐந்தில் விக்கல் இருந்தது. அந்த ஐந்திலும் டீசல் முள் கால்பங்குக்குக் கீழே நின்றது. விக்கிய இடங்களில் பெரும்பாலானவை மேம்பாலத்தின் ஏற்றங்கள். நிரப்பிக்கொண்டு புறப்பட்ட நாள்களில் கார் வாயே திறக்கவில்லை.

இப்போது பட்டறை மர்மமும் விளங்கியது. தூரத்துப் பட்டறைக்குப் போகும்போது வழியில் நின்றுவிடக் கூடாதே என்று அப்பா அன்றைக்கு மட்டும் கலன் நிறைய ஊற்றிக்கொண்டு போவார். நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டியதுபோல ஆகிவிட்டது. பட்டறைக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் பார்த்தது நலமாக இருந்த காரை.

அடுத்த சோதனையை மாமா முள் இறங்கியிருந்த ஒரு நாளில், கார் விக்கிக்கொண்டிருக்கும்போதே செய்தார். இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் குழாய்களின் திருகு நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி இறுக்கினார். தளர்த்தியதும் இயந்திரத்தின் ஓட்டம் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். தடுமாறாவிட்டால் சோம்பேறி அதுதான். முதல் முறை மூன்றாம் சிலிண்டர் சோம்பேறியாகத் தெரிந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது ஒன்றாம் சிலிண்டர். (இதைப் படித்துவிட்டு யாரும் உடனே ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். அழுத்தத்தோடு பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. மாமா கையுறையும் கண்ணாடியும் அணிந்து, துணி சுற்றித்தான் தொட்டார். இன்றைய காமன் ரயில் டீசல் கார்களில் இந்தச் சோதனையே கூடாது. அவற்றின் அழுத்தம் பல மடங்கு அதிகம்.)

"இன்ஜெக்டர் கெட்டிருந்தா ஒரே எடத்துலதான் விக்கும். இது எடம் மாறுது. அப்ப நாலுக்கும் பொதுவா எங்கயோ காத்து இழுக்குது," என்றார் மாமா.

காற்றுக்கு என்ன அவ்வளவு சக்தி? டீசலைப் போன்ற திரவம் எளிதில் நசுங்காது. அதனால்தான் பம்பு தள்ளும் ஒரு துளி, காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தோடு இன்ஜெக்டரைத் திறக்க முடிகிறது. இடையில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால், பம்பு தள்ளும் தள்ளலெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். இன்ஜெக்டர் திறக்காது, அந்த அடி தவறும். குமிழி எந்தச் சிலிண்டரின் முறையில் வந்து சேர்கிறதோ, விக்கல் அங்கே.

மாமா ஒரு பிளாஸ்டிக் கலனில் டீசல் நிரப்பி, அதிலிருந்து ஒரு குழாயை நேரே பம்புக்கு இணைத்தார். அரை மணி நேரம் ஓடவிட்டோம். ஒரு விக்கலும் இல்லை. எனவே, பம்பு குற்றமற்றது. 3,800 ரிங்கிட் தப்பியது. பிறகு பழையபடி காரின் கலனோடு இணைத்து, பம்புக்கு முன்னால் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினார். அதற்குள் முத்துமுத்தாகக் குமிழிகள் ஓடுவதை அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்து பின்னோக்கித் தேடியபோது, கீழிருந்து வரும் இரும்புக் குழாயை மேலே இணைக்கும் ஒரு சாண் ரப்பர் குழாய் கிடைத்தது. அதை இறுக்கியிருந்த கிளிப்புக்கு அடியில், காய்ந்த வயல்போல வெடிப்பு. டீசல் சொட்டியிருந்தால் என்றைக்கோ கண்ணில் பட்டிருக்கும். ஆனால், இது பம்பு உறிஞ்சும் பக்கம். அங்கே டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். கலன் நிறைந்திருக்கும்போது டீசலின் மட்டம் உயர்ந்து, அதன் பாரமே குழாயை நிரப்பிவைக்கும். மட்டம் இறங்கினால் பம்பு அதிகமாக உறிஞ்ச வேண்டும். ஏற்றத்தில் காரின் முன்பக்கம் உயர்வதால் இன்னும் கடினம். அப்போதுதான் வெடிப்பு வாய் திறக்கிறது.

நாற்பது ஆண்டு வெப்பமே ரப்பரைக் கெடுக்கப் போதும். அதோடு, நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல் 2011இல் 5 விழுக்காடாகக் கலக்கத் தொடங்கி, 2019இல் 10 விழுக்காட்டுக் கலவையும் வந்தது. பழைய காலத்து ரப்பர் சிலவற்றுக்குப் பயோடீசல் ஒத்துக்கொள்ளாது. அது தெரிந்த மாமா, பயோடீசலைத் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கினார். குழாயும் இரண்டு கிளிப்பும் சேர்த்துப் பதினெட்டு ரிங்கிட்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால், என் மனத்தில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அந்த வெடிப்பு ஒரு நாளில் வந்ததாக இருக்க முடியாது. பிறகு ஏன் ஜூலையில் விக்கல்?

விடை அப்பாவின் பணப்பையில் இருந்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. எங்கள் காரின் கலன் 65 லிட்டர். அதை நிரப்ப முன்பு சுமார் 140 ரிங்கிட்; அன்றிலிருந்து சுமார் 218. மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை கிடைத்தது உண்மைதான். இருந்தாலும், ஒரே தடவையில் 200 ரிங்கிட்டுக்கு மேல் எடுத்துக்கொடுக்க அப்பாவுக்குக் கை வரவில்லை. ஐம்பது ஐம்பதாக ஊற்ற ஆரம்பித்தார். ஐம்பது ரிங்கிட்டுக்குப் பதினைந்து லிட்டர்கூட முழுதாக வராது. முள் கால்பங்கைத் தாண்டாமலே நாள்கள் ஓடின. நிறைந்த கலன் இத்தனை நாளாக மூடி மறைத்துவந்த வெடிப்பு, கலன் வற்றியதும் பேச ஆரம்பித்துவிட்டது. இதை அப்பா எங்களிடம் சொன்னதில்லை. நோட்டுப் புத்தகத்தில் டீசல் முள்ளுக்கென்று நான் போட்ட கட்டத்திலிருந்துதான் அது தெரியவந்தது.

விடுமுறைக்கு வீடு திரும்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அப்பாவின் வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை உடன் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சில கணக்குகள் அங்கே இருக்கும்.

குழாய் மாற்றிய அடுத்த பயணத்தில், முள் கால்பங்குக்குக் கீழே இருக்கும்போதே மேம்பாலம் ஏறினோம். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பாட்டி எண்ணுவதற்குத் தயாராக விரலை மடக்கி வைத்திருந்தார். ஈப்போ போய்ச் சேரும்வரை அந்த விரலை விரிக்க வேண்டிய தேவை வரவில்லை.