மழை பார்க்கும் முகம்

அப்பா போட்டோவுக்கு உட்கார்ந்தால் வேறொரு ஆளாகிவிடுவார். சேலத்து ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் பொத்தான் கழுத்துவரை ஏறியிருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுகூடத் தெரியும். ஏற்காட்டு எஸ்டேட்டில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிய மனிதர் அதில் இல்லை.

கோடை விழா நாட்களில் ஏரிக்கரையில், படகுத் துறைப் பக்கம், மடியில் அட்டையை வைத்துப் பென்சிலால் முகம் வரைந்து தருபவர் ஒருவர் இருப்பார். என் நச்சரிப்பு தாங்காமல் அப்பா போய் உட்கார்ந்தார். உடனே முதுகு விறைத்துக்கொண்டது. வரைபவரோ தொடங்கவே இல்லை; பென்சிலைச் சீவுவதும் ஊதுவதுமாக இருந்தார். சேர்வராயன் கோயில் பக்கம் வானம் கறுத்தது. அப்பா அண்ணாந்தார். காப்பிச் செடி பங்குனி, சித்திரை மழைக்குத்தான் பூக்கும்; அது பொய்த்தால் அந்த வருஷமே பொய்த்த மாதிரி. அப்படிக் காத்துப் பழகிய கண், பூ முடிந்த பிறகும் மேகத்தைத்தான் தேடும்.

“அப்படியே இருங்கய்யா.”

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தாடைக்கு ஒரே இழுப்பு. நெற்றிச் சுருக்கத்தில் அழுந்திய பென்சில், கன்னத்தில் இளகி, காதோரம் வருவதற்குள் காணாமல் போயிருந்தது. “காதே இல்லையேடா” என்று அம்மா குறைப்பட்டாள்.

ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களைப் பிற்பாடு பார்த்தபோது அந்த ஏரிக்கரைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். கோணிய வாய், தாளம் போடத் தூக்கிய கை, அவ்வளவுதான். ஆள் எதிரே உட்கார்ந்து பாடுகிறார். மாலியிடம் தேறிய கோபுலு, பக்கவாதத்தில் வலக்கை ஓய்ந்தபின் இடக்கையால் வரைந்தார். கோடு கையில் மட்டும் இருந்திருந்தால் அது முடிந்திருக்குமா? ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்திகளிலும் பாதித் தாள் வெறுமைதான். அவசரத்தில் வரைகிறவருக்குக் கண்ணில் முதலில் பட்டதை மட்டும் இறக்கவே நேரமிருக்கிறது. நிதானமாக வண்ணம் தீட்டிய முகங்களில் அந்தச் சூடு எனக்குக் கிடைத்ததில்லை. ரவிவர்மா பிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பாவின் கருமாதிக்கு எஸ்டேட்டில் பழம் பறித்த பாட்டி ஒருத்தி வந்திருந்தாள். மாலை போட்ட ஸ்டுடியோ படத்தை முறைக்கு ஒரு கும்பிடு போட்டாள். உள்ளே அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இந்தா, கணக்கப்பிள்ள மழ பாக்குறாரு!”

அடுத்த வாரமே அம்மா அதற்குச் சட்டம் போட்டு வரச் சொல்லி என்னைச் சேலத்துக்கு அனுப்பினாள். காது விஷயத்தில் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.