பரங்கிமலைக்கு ஒரு கறுப்புப் பெட்டி

தென்காசி பஜாரில் வாங்கிய டிரங்குப் பெட்டி. கறுப்பு பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. போர்டு எழுதுகிறவர் அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் அக்கா மகளின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். "நீயே கூடப் போயி விட்டுட்டு வந்துரு டே" என்றாள் அக்கா. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதேமாதிரி ஒரு பெட்டியோடு, அவள் மகள் இப்போது சேரப்போகும் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி வாசலில் நின்றவன் நான்.

பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம் தாண்டியபோது நன்றாக இருட்டிவிட்டது. அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தபடி அக்கா மகள் கேட்டாள்: "மாமா, மொத வாரம் எப்படி இருக்கும்? ஒளிக்காமச் சொல்லுங்க."

முதல் இரண்டு நாள் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும் என்றேன். படிவங்கள், மருத்துவப் பரிசோதனை, சீருடைக்கு அளவு, பூட்ஸ், படுக்கை, சைக்கிள். பையன்களுக்கு முடிவெட்டு. செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. மூன்றாம் நாள்தான் ஒன்று புரியும்: உன் நேரம் இனி உன்னுடையது இல்லை. ஓட்டம், குளியல், சாப்பாடு, வகுப்பு, மறுபடி மைதானம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உடை. மாற்றிக்கொள்ளக் கிடைப்பது சில நிமிஷம். நீ மட்டும் முந்தி வந்து நின்றாலும் பிரயோசனமில்லை. ஒருத்தி பிந்தினால் மொத்த அணியும் பிந்தியதாகத்தான் கணக்கு.

அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அணிவகுப்பு மைதானத்துக்கு வந்தேன். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

அந்த மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். 1972இல் இதே இடத்தில் பயிற்சி முடித்துப் போனவர். 1987 நவம்பர் 25இல் இலங்கையில் நடந்த சண்டையில் உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா அவருடைய மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. அந்த மைதானத்தில் கால் வைத்த முதல் காலை எனக்குக் கட்டளைகளே விளங்கவில்லை. எல்லாம் இந்தி. சாவ்தான் என்றால் விறைத்து நில். விஷ்ராம் என்றால் தளர்ந்து நில். இந்த இரண்டையும் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சமாளித்தேன். 'தாஹினே முட்' என்று குரல் வந்ததும் அத்தனை பேரும் வலப்பக்கம் திரும்ப, நான் இடப்பக்கம் திரும்பினேன். மூக்குக்கு நேரே ஒரு ஹிமாசலப் பையனின் முதுகு.

அன்று இரவு அவனே என் அறைக்கு வந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. என் வலது கையைத் தொட்டு 'தாஹினே' என்றான், இடது கையைத் தொட்டு 'பாயே' என்றான். வலது கட்டைவிரலில் பேனாவால் 'தா' என்று எழுதிக்கொண்டேன். அரை மணி நேரம் வராந்தாவில் அவன் மெதுவாகச் சொல்ல, நான் திரும்பினேன். சென்னையின் ஏப்ரல் புழுக்கத்தில் மலைநாட்டுக்காரனான அவன் துவண்டு போயிருந்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அவனைக் குடிக்க வைத்தது என் பங்கு. அந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் தப்பித்தது இப்படித்தான்.

தேஸ் சல் என்றால் வேகநடை, நிமிஷத்துக்கு 120 எட்டு. ஒவ்வோர் எட்டும் முப்பது அங்குலம். கவராயம் போல விரியும் ஒரு கோலை, அணிவகுப்பு சொல்லித்தரும் உஸ்தாத் தரையில் ஊன்றி அதை அளந்து காட்டுவார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1802இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கச் சங்கிலி பிடித்துத் தொடங்கியதும் இதே பரங்கிமலை அடிவாரத்தில்தான். மண்ணை அளந்த இடத்திலேயே எங்கள் கால்களையும் அளந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பான விஷயம்.

"கால் கொப்பளிக்குமா மாமா?"

கொப்பளிக்கும். வாங்கிய ஷூவை வீட்டிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்கச் சொன்னது அதற்குத்தான். பருத்தி சாக்ஸ், பிளாஸ்டர், ஊசி நூல் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கொப்புளத்தை மறைக்காதே, காட்டு. முதல் வாரத்தில் வலியை ஒளித்தவர்கள்தான் இரண்டாம் வாரம் படுத்தார்கள். பசிக்காவிட்டாலும் சாப்பிடு. முள்கரண்டி பிடிக்கத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு அரைவயிற்றோடு எழுந்துவிடாதே.

பெண்கள் அங்கே பயிற்சிக்கு வரத் தொடங்கியது 1992இல். இப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 49 வாரம். தலைமுடி பற்றிக் கேட்டாள். வெட்டினாலும் சரி, வளர்த்தாலும் சரி, கண்ணாடி பார்க்காமல் ஒரு நிமிஷத்தில் இறுக்கக் கொண்டை போட வர வேண்டும் என்றேன். மதுரையில் ரயில் நின்றிருந்த நேரம் முழுக்க மேல் பெர்த்தில் உட்கார்ந்து அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். நாலாவது தடவை ஐம்பது விநாடியில் முடித்தாள்.

தாம்பரத்தில் இறங்கியபோது விடிந்திருக்கவில்லை. "முகுந்த் சார் ஊருல்லா மாமா" என்றாள் மெல்ல. அவரைப் பற்றிய 'அமரன்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாளோ. மேஜர் முகுந்த் வரதராஜனும் பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர்தான். 2014இல் காஷ்மீரத்தில் வீரமரணம் அடைந்தார். பிளாட்பாரத்தில் சற்று நேரம் இருவரும் பேசவில்லை. இந்த வேலைக்கு ஒரு பிள்ளையை அனுப்புகிறோம் என்பது, ஊரில் எல்லோரும் கைகொடுத்து வாழ்த்தியபோது எனக்கு உறைக்கவில்லை. அங்கே உறைத்தது.

ஆட்டோ ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரத்தையும் விமான நிலையத்தையும் தாண்டியது. நான் சேர்ந்தபோது இல்லாத மெட்ரோ ரயில் தலைக்கு மேல் போனது. இப்போது அகாடமியின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம். பஞ்சாபி, மலையாளம், மணிப்பூரி. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கறுப்புப் பெட்டி. இதற்கு மேல் வீட்டார் வரக்கூடாது என்று காவலர் தன்மையாகச் சொன்னார். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டியைத் தனியாகத் தூக்கப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் எழும்பியது. நான் ஓரடி முன்னே வைத்து நின்றுவிட்டேன். அதற்குள் வரிசையில் நின்ற குட்டையான பெண் ஒருத்தி, தன் பெட்டியை விட்டுவிட்டு வந்து, மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். என்ன மொழியில் பேசிக்கொண்டார்களோ, எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பிறகு இருவரும் திரும்பி வந்து அடுத்த பெட்டியைத் தூக்கினார்கள்.