நாலு பெண்கள், ரெண்டு ஊசி, ஒரு நூல்கண்டு!

நீங்கள் இப்போது போட்டிருக்கும் பனியன் நெய்ததா, பின்னியதா? சட்டைக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டாம்... பக்கத்து ஸீட் ஆசாமி தப்பாக நினைத்துக்கொள்வார். நானே சொல்லிவிடுகிறேன் - பின்னியது!

வேட்டி, சட்டை, கர்ச்சீப் எல்லாம் நெசவு. நெடுக்கே நிற்கும் நூலுக்கு மேலும் கீழுமாகக் குறுக்கு நூல் ஏறி இறங்கிப் போகும். பனியன், ஜட்டி, சாக்ஸ், டி-ஷர்ட் எல்லாம் பின்னல். ஒரே நூல் வளைந்து, வளையத்துக்குள் வளையமாக நுழைந்து நுழைந்து துணியாகிவிடும். அதனால்தான் பனியன் இழுத்தால் நீளுகிறது. கல்யாணத்தின்போது வாங்கியது, தொப்பை வந்த பிறகும் அட்ஜஸ்ட் செய்துகொள்கிறது. வேட்டியில் இந்தப் பெருந்தன்மை கிடையாது.

திருப்பூரில் மெஷின் கடகடவென்று செய்கிற இந்த வேலையை, ரெண்டு ஊசியை வைத்துக்கொண்டு மெதுவாகக் கையால் செய்கிற கூட்டம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அதில் அடியேனும் ஒருவன்.

'ஆம்பளைக்கு எதுக்கு ஸார் ஸ்வெட்டர் பின்ற வேலை?' என்று எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினம் ஒருவராவது கேட்கிறார். கேட்பவருக்கு ஒரு சரித்திரம் சொல்வேன். பின்னல் மெஷினை 1589-ல் கண்டுபிடித்தவர் வில்லியம் லீ என்கிற இங்கிலாந்துப் பாதிரியார். ஆம்பளைதான்! ராணி முதலாம் எலிசபெத்திடம் போய் பேடன்ட் கேட்டாராம். 'கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகளின் பிழைப்பு போய்விடும்' என்று ராணியம்மா மறுத்துவிட்டதாகக் கதை. கம்ப்யூட்டரை எதிர்த்து நம் ஆபீஸ் வாசலில் கொடி பிடித்தவர்களுக்கெல்லாம் அந்த அம்மாள்தான் முன்னோடி.

அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும். 'மெட்ராஸ்ல எதுக்கு ஸார் உல்லன்?'

நியாயமான கேள்வி. மார்கழியில் 20 டிகிரி வந்தாலே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு வாக்கிங் போகிற ஊர் இது. ஆனாலும், உலகத்திலேயே பெரிய க்ரோஷே கம்பளம் என்று 2016 ஜனவரியில் கின்னஸ் சாதனை படைக்கப்பட்டது எங்கே தெரியுமோ? சென்னையில்! 'மதர் இந்தியாஸ் க்ரோஷே குயீன்ஸ்' என்ற பெண்கள் குழு செய்தது. 11 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல்! கிரவுண்டு கணக்கில் சொன்னால் சுமார் 50 கிரவுண்டு. தாம்பரத்தில் அரை கிரவுண்டு வாங்க முடியாமல் தவிப்பவர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எங்கள் கூட்டம் அவ்வளவு பெரிசில்லை. மொத்தம் அஞ்சு பேர். ரிடையர்டு கணக்கு டீச்சர், ரிடையர்டு நர்ஸ் அக்கா, பேங்க்கில் வி.ஆர்.எஸ். வாங்கிய மாமி, ஓ.எம்.ஆர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், அப்புறம் நான். மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கில் உட்கார்ந்து பின்னுவோம். போன வருஷம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, 'பாரீஸ் போய் நூல் கடைகளை ஒரு ரவுண்டு வரலாம்' என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை அங்கே மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் லீவு. ஆகவே சனி.

ஹைகோர்ட் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறி மேலே வந்தால், மாமி ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார். நர்ஸ் அக்கா குடை. ஸாஃப்ட்வேர் பெண் தோளில் லேப்டாப் பை - உள்ளே லேப்டாப்புக்குப் பதில் நூல் உருண்டைகள். டீச்சர் மட்டும் ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"பையைக் குடுங்க டீச்சர், நான் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. இது கனமில்ல" என்றார்.

என்.எஸ்.சி. போஸ் ரோட்டைத் தாண்டினோம். 'தாண்டினோம்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். மீன்பாடி வண்டி, மூட்டை சுமக்கும் தோள்கள், 'வயி வுடு... வயி வுடு' குரல்கள் எல்லாம் கடந்து அந்தப் பக்கம் சேர ஏழு நிமிஷம் ஆயிற்று. பாரீஸில் ஒரு சௌகரியம், தெருவுக்கு ஒரு சரக்கு. ஜவுளிக்கு கோடவுன் தெரு, அலங்காரச் சாமானுக்கு தேவராஜ முதலி தெரு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உல்லன் நூல் மட்டும் பட்டன், லேஸ், ஜிப் விற்கும் சின்னச் சின்னக் கடைகளுக்குள் ஒளிந்திருக்கும். தெரிந்தவர் கூட்டிப்போக வேண்டும்.

முதல் கடையில் எனக்கு ஊசி வாங்கினோம். "பத்தாம் நம்பரா, எட்டாம் நம்பரா?" என்றார் கடைக்காரர்.

"பெரிசு எதுவோ அதைக் குடுங்க. பத்து."

மாமி சிரித்தார். "அப்பா, இந்த ஊர்ல நம்பர் பெரிசானா ஊசி சின்னது. பத்தாம் நம்பர்னா மூணேகால் மில்லிமீட்டர். எட்டுதான் தடி, நாலு மில்லிமீட்டர்."

பழைய இங்கிலீஷ் கணக்காம் அது. நூலிலும் இதே கூத்து. பஞ்சு நூலில் 'கவுன்ட்' என்பார்கள். 840 கெஜ நீளத்துக்கு ஒரு சிட்டம் என்று வைத்துக்கொண்டு, ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் கவுன்ட். 40 கவுன்ட் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். அதாவது, நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. வருஷா வருஷம் இன்கிரிமென்ட் ஏறுகிறது... மாசக் கடைசியில் பர்ஸ் இளைக்கிறதே, அதே தத்துவம்!

ரெண்டாவது கடையில்தான் டீச்சர் மஞ்சள் பையைத் திறந்தார்.

உள்ளே ஒரு அரைகுறை ஸ்வெட்டர். அரக்கும் காப்பியும் கலந்த மாதிரி ஒரு கலர். முன்பக்கம் முடிந்திருந்தது, பின்பக்கம் முடிந்திருந்தது. ஒரு கை மட்டும் முழங்கை வரை வந்து ஊசியிலேயே நின்றிருந்தது. கூடவே ஒரு சின்ன நூல் உருண்டை, கசங்கின லேபிள்.

"அக்கா போட்டது. டெல்லியில இருக்கற பேரனுக்கு. சித்திரையில அக்கா போயிட்டாங்க. இந்தக் குளிருக்குள்ள முடிச்சு அனுப்பணும். அடுத்த வருஷம்னா பையன் வளர்ந்துடுவான், அளவு பத்தாது."

அதுவரை 'ரோஸ் கலர் காட்டுங்க, மயில் கழுத்துக் கலர் காட்டுங்க' என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் கப்சிப்.

கடைப் பையன் லேபிளைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் ஸ்டாக் இல்லீங்க. ஆனா இதே கலர் இருக்கு" என்று வேறொரு பாக்கெட்டை எடுத்துப் போட்டான். டியூப் லைட் வெளிச்சத்தில் ரெண்டும் அச்சாக ஒன்று. மாமி பர்ஸையே திறந்துவிட்டார். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஸ்வெட்டரையும் நூலையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். வெயிலில் பிடித்தால்... ஒன்று அரக்கு, ஒன்று கத்தரிக்காய்! டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற ரெண்டு சாயம் சூரியனுக்கு முன்னால் கட்சி மாறிவிடும். பெண் பார்க்கப் போகிறவர்களும் புடவை வாங்கப் போகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இதற்கு நடுவில் நர்ஸ் அக்கா ஒரு துண்டு நூலை டீக்கடை வாசலில் தீக்குச்சி வைத்துக் கொளுத்தினார். அசல் ஆட்டு ரோமம் என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், தொட்டால் பொடியாகும். இது உருகிச் சொட்டி, ஆறியதும் கல் மாதிரி இறுகியது. "அக்ரிலிக். ஆட்டுக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கெடையாது. பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது" என்றார் நர்ஸ் அக்கா. டூபான்ட் கம்பெனி 1950 வாக்கில் 'ஆர்லான்' என்று மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்த சமாசாரம். விலை கம்மி, பூச்சி அரிக்காது, வாஷிங் மெஷினில் போடலாம். நம்மூர்க் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் வருவது இதுதான்.

பசி. தங்கசாலைப் பக்கம் ஒதுங்கி முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டோம். ரெண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரிக்காய், தக்காளி, காரச் சட்னி. சௌகார்பேட்டையும் தமிழ்நாடும் சம்பந்தி ஆனதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். டீச்சர் மட்டும் சாப்பிடவில்லை. "இன்னும் ஒரு கடை பார்த்துடலாம்" என்றார்.

மூணாவது கடை ஒரு மாடியில். ஏணிக்கு மாடிப்படி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலே ஒரு வயதான சேட். சென்னைத் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசினார். லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உருட்டினார். தூசியோடு ஒரு பாக்கெட் வந்தது.

"ஷேடு அதே நம்பர்தாம்மா. ஆனா லாட் வேற."

புரியாதவர்களுக்கு: ஒரே ஷேடு நம்பராக இருந்தாலும், ஒரு தடவை சாயத் தொட்டியில் முக்கி எடுத்ததுக்கும் அடுத்த தடவை முக்கினதுக்கும் மயிரிழை வித்தியாசம் வரும். அதனால் லேபிளில் லாட் நம்பர் தனியாகப் போடுவார்கள். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கிக்கொள்வது அதனால்தான்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். கிட்டத்தட்ட... ஆனால் இல்லை.

மாமி யோசனை சொன்னார். "பேசாம எல்லாத்தையும் பிரிச்சுடலாம். பழசுல ரெண்டு வரி, புதுசுல ரெண்டு வரின்னு மாத்தி மாத்திப் போட்டா வித்தியாசமே தெரியாது. நாம அஞ்சு பேர் இருக்கோம்."

நல்ல யோசனைதான். அனுபவசாலிகள் செய்வதும் அதுதான். ஆனால், டீச்சர் ஸ்வெட்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அக்கா போட்டதை நான் பிரிக்க மாட்டேன்" என்றார். குரல் ஏறவேயில்லை.

யாரும் பேசவில்லை. சேட்தான் ஆரம்பித்தார். "ஒத்து வராத கலரை ஒத்து வந்த மாதிரி காட்டுனா, பாக்கறவன் கண்ணு அங்கியே போவும்மா. சுத்தமா வேற கலர் போட்டுடு. இது டிசைன்னு நினைச்சுப்பான்."

கடுகு மஞ்சளில் ஒரு நூல் எடுத்து அரக்கின் மேல் வைத்தார். ஸாஃப்ட்வேர் பெண், "சூப்பரா இருக்கு டீச்சர்!" என்றாள்.

முழங்கைக்கு மேலே மஞ்சள். சரி. ஆனால் இன்னொரு கை? அதற்கும் முழங்கை வரை அரக்கு வேண்டுமே... மிச்ச உருண்டை போதுமா?

இங்கேதான் பி.காமுக்கு வேலை வந்தது. சேட்டின் எலெக்ட்ரானிக் தராசில் மிச்ச உருண்டையை வைத்தேன். 34 கிராம். அரைக் கையை ஊசியோடு வைத்து, அதே மாதிரி இன்னொரு ஊசியின் எடையைக் கழித்தேன். 21 கிராம். கையிருப்பு 34, செலவு 21, மீதி 13. கழுத்துப் பட்டைக்கு எவ்வளவு வேண்டும் என்று மாமியைப் பார்த்தேன். "பத்து கிராம் தாராளம்" என்றார். பாலன்ஸ் ஷீட் டாலி! மூணு கிராம் உபரி. பரீட்சையில்கூட இவ்வளவு சந்தோஷமாக டாலி ஆனதில்லை.

டீச்சர் ஒரு தடவை அவராகவும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கணக்கு டீச்சராயிற்றே! அப்புறம்தான் "கீழ போய் ஒரு முறுக்கு சாண்ட்விச் சாப்பிடலாமா தம்பி?" என்றார். சேட் மஞ்சள் நூலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, மேட்ச் ஆகாத அரக்குப் பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்தார்.

டிசம்பர் முதல் வாரம் ஸ்வெட்டர் டெல்லிக்குக் கூரியரில் போனது. பையன் போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவை டீச்சர் பார்க்கில் காட்டினார். கை நீளம் சரியாக இருந்தது. முழங்கையில் அரக்கு நின்று மஞ்சள் ஆரம்பிக்கிற இடமும் பளிச்சென்று தெரிந்தது. போனில் பையன் கேட்டானாம்: "பாட்டி எதுவரைக்கும் போட்டாங்க, நீங்க எதுவரைக்கும் போட்டீங்க?"

"வலது கையில பாரு. அரக்கு முடியற இடம்வரைக்கும் பாட்டி" என்றாராம் டீச்சர். ஸ்கூலில் எல்லோருக்கும் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறானாம்.

பாரீஸ் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சில டிப்ஸ்: சனிக்கிழமை காலை 11 மணிக்குள் போய்விடுங்கள். பழைய நூல் இருந்தால் ஒரு முழம் வெட்டி எடுத்துப் போங்கள். கலரை வெயிலில் பாருங்கள். லாட் நம்பர் பாருங்கள். தராசு உள்ள கடையாகப் பாருங்கள்.

போன வாரம் லஞ்ச் அவரில் ஒரு நண்பர் ரகசியமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஸார்... எனக்கும் கத்துக் குடுங்க. மொதல்ல எந்த ஊசி வாங்கணும்?"

"எட்டாம் நம்பர்" என்றேன்.

"ஏன் ஸார், புதுசா ஆரம்பிக்கறேன், பெரிய சைஸா பத்தாம் நம்பர் வாங்கிக்கறேனே?"

சனிக்கிழமை அவரையும் மாமியிடம் கூட்டிப்போகிறேன்.