நேருக்கு நேர் நிற்காதவர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிகிற நேரத்து டீக்கடையில், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்டது குத்துச்சண்டை வாக்குவாதம்தான். வியாசர்பாடியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் ஆவடி ரயிலைப் பிடித்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று தங்கள் குத்துச்சண்டைப் பரம்பரைப் பேரையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்தக் காலக் குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவைக் கண்ணால் பார்த்திராத பேரன்கள்கூட அவர் பேரில் சண்டைக்கு நிற்பார்கள். 2021இல் இந்தப் பரம்பரைகளைப் பற்றிய பா. இரஞ்சித்தின் படம் வந்த பிறகு பேச்சில் இன்னும் சூடேறியது. எங்கே தொடங்கினாலும் அது கடைசியில் ஹெவிவெயிட்டில் வந்து நிற்கும். "அலியும் டைசனும் மோதிக்கினா யார்ப்பா ஜெயிப்பாங்க?"

நடக்காத சண்டையைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று சிலர் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வி தேவையானது என்றே படுகிறது. ஏனென்றால், இரண்டு தலைமுறைகள் நிஜமாகவே ரிங்கில் சந்தித்தபோதெல்லாம் பெரும்பாலும் அநியாயம்தான் நடந்திருக்கிறது.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியன். பட்டத்தை 25 முறை காத்தவர். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ முன்னால் நின்றபோது வயது 37. வரிப் பாக்கி கழுத்தை நெரித்ததால் ஓய்வை விட்டு மறுபடி கையுறை மாட்டியவர். எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கிடையே வெளியே சாய்ந்து விழுந்தார். ஜெயித்த மார்சியானோ, தன் ஆதர்ச வீரரை அந்தக் கோலத்தில் பார்த்து அழுதார் என்பார்கள். 1988 ஜனவரியில் 38 வயது லாரி ஹோம்ஸை 21 வயது டைசன் நான்காவது ரவுண்டில் சாய்த்தார். இந்த வரிசையில் ஜார்ஜ் ஃபோர்மன் ஒருவர்தான் விலக்கு: 1994இல், 45 வயதில், மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

நம்மூருக்கு அலி வந்ததும் அப்படி ஒரு பிந்திய வயதில்தான். 1980 தொடக்கத்தில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் ஆடிய காட்சிப் போட்டியைப் பற்றிப் பேசாத பழைய ஆட்கள் இந்தப் பக்கம் குறைவு. ஆனால் எல்லிஸ் யார் என்று கேட்பவர் இல்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. காலியான அந்த இடத்துக்கு நடந்த போட்டித் தொடரில் ஜெயித்து 1968இல் சாம்பியனானவர்தான் எல்லிஸ். இருவருக்கும் ஒரே ஊர், லூயிவில். தடை நீங்கி வந்த அலி 1971இல் அவரைப் பன்னிரண்டாவது ரவுண்டில் நிறுத்தினார். சென்னை ரிங்கில் எதிரெதிரே நின்றவர்களுக்கு நடுவே அலி இழந்த மூன்றரை வருஷமும் நின்றது. சென்னைக்கு வந்துபோன அதே 1980இன் அக்டோபரில் அலி ஹோம்ஸிடம் தோற்றார். பத்து ரவுண்டுக்குப் பிறகு அவரது மூலையே சண்டையை நிறுத்தியது. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சிக்காகக் கைகொடுத்தவர்.

தடையால் அலி ஆடாமல் போன அந்த வருஷங்களில்தான் கற்பனைச் சண்டைக்கு முடிவு சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மர்ரி வோரோனர் என்ற தயாரிப்பாளர் 1969இல் அலியையும் மார்சியானோவையும் ரிங்கில் இறக்கிப் பல முடிவுகளைப் படமெடுத்து வைத்தார். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலைக்கு டோப்பா வைத்து வந்தார். படம் முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார். பார்க்கிற ஊருக்குத் தக்கபடி முடிவு மாறுகிற கணக்கை நான் ஏற்கவில்லை. டீக்கடைக் கணக்கே இதைவிட நேர்மையானது. அங்கே ஒருவர் சொன்னதை அடுத்தவர் உடனே மறுத்துவிடுவார்.

ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், ஆவடியில் வீடு கட்டிக் குடியேறியவர், அலி பேச்சைக் கேட்டால் தலையை ஆட்டுவார். "மிலிட்டரியில ரெண்டு சிங்கம் இருந்தாங்க தம்பி. அவங்களைப் பேசுங்க." ஹவா சிங் 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியவர், பிறகு பிவானியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கௌர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியவர். 1980 ஜனவரியில் டெல்லியில் அலியோடு நான்கு ரவுண்டு நின்றவர். இருவரும் மோதியிருந்தால் யார் என்று கேட்டால், "ஹவா சிங்தான்" என்று ஹவில்தார் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மோவாயைத் தோளுக்குள் புதைத்து, இடது கையை இரண்டு முறை நீட்டிக் காட்டுவார். மூன்றாவதாக வலது வரும்போது எதிரில் நிற்கிற நமக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். எனக்கும் ஹவா சிங்தான். உள்நாட்டில் அவரைச் சோதிக்க ஆளே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தேசிய சாம்பியனாக இருந்தவர், அந்த இரண்டு ஆசிய விளையாட்டுகளிலிருந்தும் தங்கத்தோடு திரும்பினார்.

நடக்காத சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதென்றால், எந்த விதியில், எந்த எடையில் என்று முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மார்சியானோ பட்டம் வென்ற 1952இல் அவர் எடை ஏறக்குறைய 84 கிலோ. 2020இல் பட்டம் வென்ற டைசன் ஃப்யூரி 124 கிலோ. அன்றைக்குப் பதினைந்து ரவுண்டு, இன்றைக்குப் பன்னிரண்டு.

அலிக்கும் டைசனுக்கும் வருகிறேன். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டுக்குள் முடித்த அலியும், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீழ்த்திய டைசனும் வரட்டும். குனிந்து குனிந்து உள்ளே வந்து இடது ஹூக் போடுகிற குள்ளமான ஆள் அலிக்குப் புதிதல்ல. ஜோ ஃப்ரேசியர் 1971இல் அதே ஹூக்கால் அவரைக் கடைசி ரவுண்டில் கீழே தள்ளினார். அலி எழுந்து கடைசி மணி வரை நின்றார். டைசனையோ ஜேம்ஸ் ஸ்மித், டோனி டக்கர் என்று உயரமானவர்கள் 1987இலேயே பன்னிரண்டு ரவுண்டும் இழுத்துப்போனார்கள். அவர்களிடம் அலியின் கால் வேகமும் கிடையாது, ஜாபும் கிடையாது. என் தீர்ப்பு, பதினைந்து ரவுண்டு, புள்ளியில் அலி. பன்னிரண்டு என்றாலும் அலிதான். முதல் நாலு ரவுண்டுக்கு மட்டும் நான் பந்தயம் கட்டமாட்டேன்.